விழுகிற அண்ணை

வெள்ளவத்தையில் எங்கள் சேலைக்கடைக்கு வருகிற சனம் சில வருஷங்களாகக் கூறைச்சேலைக்கு முதல் வேறொன்றைத்தான் விசாரித்தது. "விழுகிற அண்ணை நிக்கிறாரோ?" கலியாணத்துக்கென்று கனடாவிலிருந்து வந்த பிள்ளைகள் படியேறும்போதே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நிற்கிற அண்ணையை விழுத்திக் காட்டுவது எங்கள் வேலை. அந்த வேலையை நான் ஒன்பது வருஷம் திறமாகவே செய்தேன்.

என் பெயர் மயூரி. மேல்மாடியில் பிளவுஸ் துணிப் பகுதி என்னுடைய பொறுப்பு. துணி அளக்க என்னிடம் ஒரு மரக்கோல் இருக்கிறது. அதைப் படுக்கையாகப் பிடித்து மேசையில் ஓங்கி அடித்தால் வெடி கொளுத்தினதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் தனஞ்சயன் விழுவான்.

மயங்குகிற ஆள் முழங்கால் மடிந்து சரிவார். இவன் மடியமாட்டான். கை இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து விறைக்கும், நின்ற நிலையிலேயே பலகை சாய்வதுபோல் பின்பக்கமாகப் போவான். கையை ஊன்றித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. கூறைச்சேலைகளை விரித்துக் காட்டுவதற்காகத் தரையில் வெள்ளைவிரிப்புப் போட்ட மெத்தை ஒன்று உண்டு. அவன் நிற்கிற இடம் அதுதான். மெத்தையில்தானே விழுகிறான் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் மனச்சாட்சியைப் படுக்க வைத்திருந்தோம். மெத்தைக்கு வெளியே விழுந்த நாட்களும் இருந்தன. ஒருநாள் பிடரியில் ஆறு தையல். இன்னொரு நாள் முன்பக்கமாகச் சாய்ந்து படிக்கட்டு விளிம்பில் மோவாய் பிளந்தது. அப்போது இரண்டு கிழமை கோலைத் தொடவில்லை. மூன்றாம் கிழமை முதலாளியே, "என்ன மயூரி, கடை செத்த வீடு மாதிரிக் கிடக்கு" என்றார்.

முதலாளி கனகசபாபதி கெட்ட மனிதர் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கோயிலுக்குக் கொடுப்பார், வேலைக்காரர் வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாக நிற்பார். கூறை எடுக்க வந்த இடத்தில் பெரியவர்கள் மணிக்கணக்கில் நிறம் பார்க்க, சின்னப் பிள்ளைகள் அலுத்துப்போய்ச் சிணுங்கும். "பொறுங்கோ, பிள்ளையளுக்கு ஒரு விளையாட்டுக் காட்டுறன்" என்று என் பக்கம் கண் காட்டுவார். நான் அடிப்பேன். அவன் விழுவான். பிள்ளைகள் கைதட்டும். பிறகு முதலாளி முகத்தை மாற்றிக்கொண்டு, இடுப்பிலிருந்து கடைச் சாவிக்கொத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடிப்பார். வலிப்புக்கு இரும்பு கொடுக்கவேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். கொஞ்ச நேரத்தில் தனஞ்சயன் கண் திறந்து எழும்பி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சேலையை விரிப்பான். "பாத்தியளோ, இரும்பு" என்பார் முதலாளி. சேலைப் பகுதியில் நிற்கும் கிஷாந்த் அதைப் படம் பிடித்து ரிக்ரொக்கில் போடுவான்.

தனஞ்சயன் யாழ்ப்பாணத்தில் பிறந்தது தொண்ணூறாம் ஆண்டு. பிறந்த வருஷத்திலேயே குண்டுச் சத்தம். ஷெல் வந்தால் ஊரே நிலத்தில் விழுந்து படுக்கும். அவனும் விழுந்தான். எல்லாரும் விழுகிற ஊரில் அவன் விழுந்ததை யார் கவனிப்பது? கெட்டிக்காரப் பிள்ளை, முதல் ஆளாகப் படுக்கிறான் என்று அயலில் மெச்சினார்களாம். இரண்டாயிரத்து இரண்டில் சண்டை கொஞ்சக்காலத்துக்கு நின்றது. அதன் பிறகும் பள்ளிக்கூட மணிக்கு அவன் விழுந்தான். அப்போதுதான் பிள்ளைக்கு வருத்தம் என்று தாய்க்குத் தெரிந்தது.

வலிப்பு என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். ஈறு வீங்கியது, வகுப்பில் நித்திரை தூங்கினான், விழுவது மட்டும் நிற்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்தான். காலையில் பஸ் புறப்படுகிற இடத்திலேயே ஏறி, யன்னலோரம் இருந்து, இரண்டு காதுக்கும் பஞ்சு அடைத்துக்கொண்டு வருவான். தெருவில் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பான். முச்சக்கரவண்டிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தால் அவனுடைய அன்றைய நாள் முடிந்தது. இப்படி ஒருவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று முதலாளி அடிக்கடி கேட்பார். உண்மைதான். விழுவதால்தான் அவனை வைத்திருக்கிறோம் என்ற மற்றப் பாதி உண்மையை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதற்குள் முதலாளியின் கருணை வேறு. மாதம் தவறாமல் அவனுக்கு நரம்பு லேகியம் ஒரு போத்தல் வாங்கிக் கொடுப்பார். தெரிந்த வைத்தியர் ஒருவர் கிண்டித் தருவது. காலையும் பின்னேரமும் ஒரு கரண்டி. வாங்கிக் கொடுத்த மனிதரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று தனஞ்சயன் கசப்போடு விழுங்குவான். லேகியம் புதிதாக வந்த கிழமைகளில் கோல் அடிக்கவே வேண்டியதில்லை. கத்தரிக்கோல் கைதவறி விழுந்தாலே போதும், அவனும் விழுவான்.

இப்போது நான் சொன்ன ஒரு வசனத்தைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் மிதுனா, தெமட்டகொடையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அவள் விழுகிற படத்தையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள் என்று கேட்டபோது எனக்கு ஏனோ எரிச்சல் வந்தது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, பேசி வந்த மூன்று சம்பந்தமும் ஒவ்வொரு நொட்டை சொல்லிக் கலைந்திருந்தன. விழுகிறவனுக்கு ஒருத்தி கிடைக்கிறாள், நிற்கிற எனக்கு ஒருவன் இல்லை. அந்த எரிச்சலில் அன்றைக்குக் கோலை வழமையைவிட ஓங்கி அடித்தேன். அவன் மெத்தையில் கிடந்தான், கண் மூடி, விரல்களுக்குள் சாவி. அவன் முகத்துக்கு மேலே குனிந்து நின்றுகொண்டு கிஷாந்திடம் சொன்னேன்: "பார், இதுக்கும் ஒருத்தி கழுத்தை நீட்டுறாள். நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தா அதையும் விறைச்ச கட்டையாத் தூக்கிக்கொண்டு வந்து இதில கிடத்துவான். முதலாளிக்கு ரெண்டு ஆள்."

கிஷாந்த் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வலிப்பு வந்தவனுக்கு நினைவு இருக்காது என்பது இரும்பு வைத்தியத்தைப் போலவே எங்களுக்கு நிச்சயம். அந்த நிச்சயத்தில் ஒன்பது வருஷம் அவனுக்கு மேலே நின்று என்னென்னவோ கதைத்தோம். அவன் சம்பளம், அவன் தாய், அவன் பெண்சாதி, எல்லாம்.

போன வருஷம் ஆடி மாதம் அவனுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிழமை லீவு போட்டான். திரும்பி வந்த அன்று காலை கிஷாந்த் எனக்குக் கண் காட்டினான். நான் அடித்தேன். தனஞ்சயனின் தோள் இரண்டும் ஒருமுறை துள்ளின. அவ்வளவுதான். நின்றான். நின்றுகொண்டே கையில் இருந்த சேலையை மடித்து முடித்தான்.

மறுபடி அடித்தேன். நின்றான்.

"என்ன தனா, நடிப்பை விட்டிட்டியோ?" என்றான் கிஷாந்த்.

தனஞ்சயன் அடுத்த சேலையை எடுத்தான். மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம்தான் சொன்னான். அவனுக்குக் கோபிக்கத் தெரியாது. அதுவும் எங்களுக்கு வசதியாக இருந்தது.

"பிள்ளையைப் பாக்க ஆசுப்பத்திரி வாட்டுக்கு ஒரு நரம்பு டொக்டர் வந்தவர் அக்கா, சப்ரி எண்டு. கதவு அடிபட்ட சத்தத்துக்கு நான் கொரிடோரில விழுந்தனான். ஓடி வந்து குந்தியிருந்து முதல் கேட்டது, விழேக்க நினைவு இருந்ததோ எண்டு. ஓம், எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும் எண்டன். அப்ப இது வலிப்பில்லை எண்டார்."

சோற்றில் இருந்த என் கை அப்படியே நின்றது.

"பேந்து விரலால என்ர மூக்கு நுனியில தட்டினார். தலை பின்னுக்குத் துள்ளிச்சு. திருப்பித் தட்டினார், திருப்பியும் துள்ளிச்சு. மற்ற ஆக்களுக்கு ரெண்டு மூண்டு தரத்தில பழகிப் போயிடுமாம். எனக்கு எத்தினை தரம் தட்டினாலும் பழகாது."

பிறகு ஒரு கதிரையைக் காட்டி விளங்கப்படுத்தினான். சத்தம் கேட்டால் எல்லாருடைய உடம்பும் ஒருமுறை துள்ளும். உடனே முள்ளந்தண்டுக்குள் ஒரு பிரேக் பிடித்து உடம்பைத் தளரவிடும். அந்த பிரேக்கை அமத்துவது கிளைசின் என்று உடம்பில் ஊறுகிற ஒரு பொருள். அது வந்து குந்தியிருப்பதற்கு நரம்பில் ஒரு கதிரை உண்டு. "எனக்குப் பிறவியிலயே அந்தக் கதிரை பழுது அக்கா. கிளைசின் வந்தாலும் இருக்க இடமில்லை. துள்ளின உடம்பு துள்ளினபடியே இறுகிப் போகும். வலிப்பு மூளையில தொடங்கிறது. எனக்கு மூளையில ஒரு பிழையும் இல்லை. அதுதான் அந்தக் காலத்துக் குளிசையள் பிடிக்கேல்லை."

"இப்ப தந்திருக்கிறது?"

"குளொனசெபாம். அது கதிரையைத் திருத்தாது. பக்கத்தில வேற ஒரு பிரேக் இருக்காம், அதைக் கூட அமத்தும். கொஞ்சம் நித்திரை வரும், கால் தளரும். ஆனா நிக்கிறன்." நிக்கிறன் என்ற சொல்லை அவன் சொன்ன விதத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்திருந்தன.

லேகியத்தைப் பற்றியும் சொன்னான். வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று டொக்டர் கேட்க, போத்தலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். ஒட்டியிருந்த கடதாசியில் மூன்றாவது வரி: சுத்தி செய்த எட்டி விதை. டொக்டர் போத்தலை மூடி மேசையின் மற்றப் பக்கம் தள்ளி வைத்தாராம். எட்டியில் இருக்கிற நஞ்சு நேராகப் போய் அந்தக் கதிரையில்தான் குந்தும். வருத்தமில்லாத மனிதரின் கதிரையைக்கூடப் பிடித்துக்கொண்டு கிளைசினை இருக்கவிடாது. தெருநாய்களுக்கு அந்தக் காலத்தில் வைத்த நஞ்சு அதுதான். கடித்துத் தின்ற நாய் சின்னச் சத்தத்துக்கும் வில்லாக வளைந்து விறைத்துச் சாகும். அந்த நஞ்சைத்தான் முதலாளி, பழுதான கதிரையோடு பிறந்தவனுக்கு, கரண்டிக் கணக்கில், அன்பாகக் கொடுத்திருக்கிறார்.

நான் கேட்கவேண்டிய கேள்வி இரண்டு இருந்தது. பச்சைப் பிள்ளையைப் பார்க்க நரம்பு டொக்டர் ஏன் வந்தார் என்பது ஒன்று. அது எனக்குத் தோன்றவேயில்லை. மற்றது தொண்டை வரை வந்து நின்றது. சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"அப்ப இஞ்ச விழுந்து கிடக்கேக்கயும்...?"

"விறைப்பு நாலைஞ்சு செக்கனில போயிடும் அக்கா" என்றான் அவன், சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடி. "மிச்ச நேரம் வெக்கத்தில கிடக்கிறனான்."

எழும்பிக் கை கழுவப் போய்விட்டான். அந்த வசனத்தைக் கேட்டானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். கேட்டிருக்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் அவன் முகத்தைப் பார்க்காமல் துணி அளந்தேன்.

நின்ற தனஞ்சயனைக் கடைக்குப் பிடிக்கவில்லை. படியேறி வந்த பிள்ளைகள் ஏமாந்து போயின. கிஷாந்த் தட்டத்தைப் போட்டுப் பார்த்தான், பேப்பர் பையை ஊதி உடைத்துப் பார்த்தான். தோள் துள்ளியதே தவிர ஆள் விழவில்லை. "முந்தித் தனா எண்டா ஒரு கலகலப்பு. இப்ப மருந்து குடிச்ச மாடு மாதிரி நிக்கிறான்" என்றார் முதலாளி. லேகியத்தை மறுத்தது அவருக்குப் பெரிய அவமானம். "நான் நல்லதுக்குத்தானே குடுத்தனான்" என்று எல்லாரிடமும் சொன்னார். ஒரு திங்கட்கிழமை கூறை விரிக்கிற இடத்துக்குக் கிஷாந்தை மாற்றிவிட்டு, தனஞ்சயனைக் கீழே களஞ்சிய அறைக்கு அனுப்பினார். பதினைந்து தாய்மாரின் கண்ணுக்கு முன்னால் ஒரு கூறையை ஒரே வீச்சில் விரித்து ஒரே மடிப்பில் மடிக்கத் தெரிந்தவன் அட்டைப்பெட்டிகளோடு நின்றான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகளைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். பிறந்த நாளிலிருந்து பிள்ளையை நின்றபடி தூக்க ஒருவரும் அவனை விடவில்லை. சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தால் மடியில் வைப்பார்கள், இரண்டு பக்கமும் தலையணை அணைத்து. குளிசை தொடங்கி மூன்று மாதம் விழாமல் இருந்தால் தருகிறேன் என்று மிதுனா சொல்லியிருந்தாள். அவன் நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டு வந்தான்.

மூன்றாம் மாதம் முடிந்தபோது நவராத்திரி. விசயதசமி அன்று காலையில் கடையில் பூசை. "பிள்ளையைக் கொண்டு வா, எல்லாரும் பாக்கட்டும்" என்று முதலாளி சொன்னார். தனஞ்சயன் மேலே ஏறி வந்து ஒவ்வொருவரிடமாகக் கேட்டான். மணி அடிக்கவேண்டாம், தேங்காயை வெளியே உடையுங்கோ, பிள்ளைக்குச் சத்தம் ஆகாது. எந்தப் பச்சைப் பிள்ளைக்குத்தான் சத்தம் ஆகும் என்று நாங்கள் நினைத்தோம். கடைசியாக என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்தக் கோலை அண்டைக்கு மட்டும் எடுத்து ஒளிச்சு வையுங்கோ."

"ஓம்" என்றேன். மேல் தட்டில் துணி உருளைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

அன்று காலை கொட்டாஞ்சேனையிலிருந்து தனியாக வந்தான், முச்சக்கரவண்டியில், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கடையில் ஒரு மணித்தியாலம் என்று மிதுனா எண்ணிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். வேட்டி, நீலச் சட்டை. படிக்கட்டின் கைபிடியைக்கூடப் பிடிக்காமல் ஏறி வந்தான். மேலே வந்து நின்று எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். அந்த மனிதன் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்கு முதல் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது, ஆனால் இருந்தது.

பூசை அமைதியாக நடந்தது. சுண்டல் கொடுத்தார்கள். முதலாளி பிள்ளையைக் கேட்டு வாங்கினார். தனஞ்சயன் தயங்கித்தான் கொடுத்தான். பிள்ளை கைமாறியதும் முதலாளிக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"தனா, இப்ப எல்லாரும் நிக்கினம். நீ சுகமாகிட்டாய் எண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும். நிண்டியெண்டா நாளைக்கே மேல வா, கூறையைத் திருப்பித் தாறன். மயூரி, எங்க உன்ர கோல்?"

"பிள்ளை இருக்கேக்க வேண்டாம் முதலாளி."

"பிள்ளை என்ர கையில. நீ விழுந்தாலும் பிள்ளைக்கு ஒண்டும் நடவாது."

கிஷாந்த் போனை எடுத்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோலை எடுத்தேன். என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன், மன்னிப்புக்காக அல்ல. அவன் நின்றுவிட்டால் கூறை அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். அவன் நின்றுவிட்டால் அன்றைக்கு நான் சொன்ன வசனமும் பொய்யாகிவிடும், நான் அவன் முகத்தைப் பார்க்கலாம். மெல்ல அடிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, வேண்டாம்" என்றான் அவன். தலையையும் ஆட்டினான்.

கைக்கு ஒரு அளவுதான் பழக்கம். அந்த அளவில் அடித்தது.

தனஞ்சயன் நின்றான். தோள் மட்டும் துள்ளியது. "ச்சே" என்றான் கிஷாந்த். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அப்போது முதலாளி, "என்ன இது, பிள்ளை பலகை மாதிரிக் கிடக்கு" என்றார்.

பிள்ளையின் கை இரண்டும் நெஞ்சோடு இறுகியிருந்தன. கால் நீட்டி விறைத்து, தலை பின்னால் வளைந்து, வாய் இறுக மூடி. அதே விழுகை, முழங்கை நீளத்தில். முதலில் ஒரு சிரிப்புக் கேட்டது. "அப்பனைப் போல" என்று ஒரு குரல். பிள்ளையின் உதடு நீலமாகத் தொடங்கியது.

"மூச்சு நிண்டிட்டுது, தாங்கோ" என்று தனஞ்சயன் பாய்ந்தான். இரண்டு பேர் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். "அவனைப் பிடியுங்கோ, அவனுக்கும் வருது, பிள்ளைக்கு மேல விழுந்திடுவான்" என்று யாரோ கத்தினார்கள். முதலாளி பிள்ளையை என் கையில் தந்துவிட்டு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை இழுத்து எடுத்தார். நான் என்ன செய்தேன்? பிள்ளையின் விரல்களைப் பிரித்தேன். அந்தச் சின்ன உள்ளங்கைக்குள் கடைச் சாவியை வைத்து மூடிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "தலையை மடக்குங்கோ, காலோட சேத்து மடக்குங்கோ" என்று அவன் கத்துவது கேட்டது. கேட்டும் நான் சாவியைத்தான் இறுக்கினேன்.

எத்தனை செக்கன் என்று தெரியாது. கட்டிப்பிடித்தவர்களை உதறிக்கொண்டு வந்து பிள்ளையை என்னிடமிருந்து பறித்தான். ஒரு கையால் தலையை நெஞ்சுப் பக்கமாகக் குனியவைத்தான், மற்றக் கையால் இரண்டு காலையும் வயிற்றோடு மடித்தான். கூறைச்சேலையை மடிக்கிற அதே நிதானம். சாவிக்கொத்து நிலத்தில் விழுந்தது. பிள்ளையின் உடம்பு தளர்ந்தது. ஒரு இழுப்பு. பிறகு அழுதது.

கடை முழுக்க மூச்சு விட்டது. முதலாளி குனிந்து சாவியை எடுத்துத் துடைத்தார்.

"பாத்தியோ, இரும்பு வைச்ச உடன விட்டிட்டுது" என்றார். "இது பரம்பரையில வாறது. நீ பிடிவாதம் பிடியாம அந்த லேகியத்தில ஒரு துளி தேனில குழைச்சுப் பிள்ளைக்கும் தடவு."

தனஞ்சயன் அவரைப் பார்த்தான். பிள்ளையைத் துணியால் சுற்றிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தான். படத்தைப் போடாதே என்று முதலாளி கிஷாந்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. பின்னேரம் அவன் அதைப் போட்டிருந்தான். 'அப்பாவும் மகளும்' என்று பெயர். ஒரு கிழமையில் பழைய படங்கள் எல்லாவற்றையும் அது தாண்டிவிட்டது.

அவன் படியிறங்கியதும், மறந்து விட்டுப்போன பாற்போத்தல் பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். கீழே, காலி வீதி ஓரத்தில், கடைவாசல் மறைவில் பிள்ளையின் காதைத் தன் கையால் பொத்தியபடி நின்றான். குளிசை அவனை நிற்கவைத்திருந்தது.

"பிள்ளைக்கும் இருக்கெண்டு ஏன் தனா எனக்குச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா நான் கோலைத் தொட்டிருக்க மாட்டன்."

பையை வாங்கித் தோளில் மாட்டினான்.

"எப்பிடி அக்கா உங்களிட்டச் சொல்லுறது? விறைச்ச கட்டையாக் கொண்டுவந்து கிடத்துவன் எண்டு நீங்கள் அண்டைக்கே சொல்லிட்டியள். பிள்ளை பிறந்து மூண்டாம் நாள் டொக்டர் இவளின்ர மூக்கில தட்டேக்க எனக்கு அதுதான் கேட்டது. நீங்கள் சொன்னது சரியாப் போச்செண்டு உங்களிட்ட வந்து சொல்ல எனக்கு மனமில்லை."

எனக்கு அழுகை வந்தது. இவன் காலில் விழுந்தால் என்ன என்றுகூட இருந்தது. நடுத்தெருவில் நின்று, தனா, நான் பாவி, எனக்கு ஒரு பிள்ளை இல்லாத எரிச்சலில் சொல்லிப்போட்டன், அதுக்கு ஒண்டும் தெரியாது, அது பச்சை மண், வளர்ந்தா எல்லாம் சரியாகிடும் என்று சத்தமாக என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனேன்.

அவன் பிள்ளையின் காதில் வைத்த கையை இன்னும் அழுத்தினான்.

"மெல்லக் கதையுங்கோ அக்கா" என்றான். "இவளுக்கும் எல்லாம் கேக்கும்."